முகமும் புகழும்: இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தின் தேர்வு நெறியும் அதன் மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

இலண்டனில் 1856ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய உருவப்படக் கூடம், ஓவியரின் திறனைக் காட்டிலும் படத்துக்குரியவரின் புகழையே தேர்வுக்கு அளவுகோலாகக் கொண்டது. புகழுடையோர் அனைவருக்கும் பொதுவானதாகத் தோன்றும் இந்நெறி, உண்மையில் உருவப்படம் வரையப்பெறும் வாய்ப்புப் பெற்றவர்களுக்கே இடமளித்தது. அதே நெறி, கலைத்தகுதி குறைந்தவை என ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய சில அரிய படங்களுக்கும் வழி திறந்தது. ஷேக்ஸ்பியர், கிளைவ், பிராண்டி சகோதரியர், ஜேன் ஆஸ்டின், எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட், மேரி சீகோல், அயூபா சுலைமான் தியாலோ, மாய் ஆகியோரின் உருவப்படங்களைச் சான்றாகக் கொண்டு, அந்நெறியின் இருவேறு விளைவுகளையும் அது மாறிவந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உருவப்படம், படத்துக்குரியவர், தேசிய உருவப்படக் கூடம், புகழ், தேர்வு நெறி, அருங்காட்சியக வரலாறு.

முன்னுரை

ஓவியக்கூடங்கள் பெரும்பாலும் கலையழகை அடிப்படையாகக் கொண்டு படங்களைச் சேர்ப்பவை. தேசிய உருவப்படக் கூடங்கள் இவற்றினின்று வேறுபட்டவை. ஒரு நாடு தன் வரலாற்றை உருவாக்கியவர்கள் என ஏற்றுக்கொள்வோரின் முகங்களை ஓரிடத்தில் திரட்டிவைப்பதே அவற்றின் நோக்கம். எனவே அங்கு ஒரு படம் இடம்பெறுவது அழகுக்கான அங்கீகாரமாக அமைவதைவிட, ஒரு மனிதரை நாட்டின் நினைவில் ஏற்றுக்கொண்டதற்கான அடையாளமாகவே அமைகிறது. இடம்பெறாமையும் அவ்வாறே பொருள்படும். இவ்வகைக் கூடங்களுள் காலத்தால் முற்பட்டது இலண்டன் கூடம். பின்னர் எடின்பரோவில் 1889இலும், வாஷிங்டனில் 1968இலும் இத்தகைய கூடங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. முன்னோடியாகிய இலண்டன் கூடம் எவரைச் சேர்த்தது, எந்த அடிப்படையில் சேர்த்தது, அந்த அடிப்படை எவ்வாறு நெகிழ்ந்தது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

கூடம் தோன்றிய சூழல்

இக்கூடத்தின் தோற்றத்துக்கு மூலகாரணராக அமைந்தவர் வரலாற்றாசிரியரும் அரசியலாளருமான பிலிப் ஹென்றி ஸ்டான்ஹோப். 1846இல் மக்களவையில் இக்கருத்தை அவர் முதன்முதலாக முன்வைத்தபோது அது ஏற்கப்படவில்லை. 1856இல் மூன்றாம் முறையாக, இம்முறை பிரபுக்கள் அவையில், அவர் கொண்டுவந்த முன்மொழிவே வெற்றி பெற்றது. விக்டோரியா அரசியின் இசைவுடன் 2,000 பவுன் நிதி ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் கூடம் முறைப்படி நிறுவப்பட்டது.

ஸ்டான்ஹோப்புடன் இணைத்துப் பேசப்படுபவர்கள் தாமஸ் பாபிங்டன் மெக்காலேயும் தாமஸ் கார்லைலும் ஆவர். மூவருமே வரலாறு எழுதியவர்கள் என்பது கருதத்தக்கது. ஒருவரைப் பற்றிய பல வாழ்க்கை வரலாற்று நூல்களைவிட அவருடைய உண்மையான உருவப்படம் ஒன்று கூடுதலாக உணர்த்தும் என்ற கருத்தைக் கார்லைல் 1854இலேயே, ஸ்காட்லாந்து உருவப்படக் கண்காட்சி தொடர்பான மடலொன்றில் வெளியிட்டிருந்தார். பெருமனிதர்களின் செயல்களே வரலாறு என்னும் அவருடைய கொள்கையின் இயல்பான நீட்சி இது. மெக்காலேயோ இந்தியக் கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்டவர். 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி, உதகமண்டலம் சென்று ஆளுநர் தலைவர் பெண்டிங்கைச் சந்தித்து, அங்குச் சில மாதங்கள் தங்கியவர். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய கல்விக் குறிப்பு எவரை அறிவுடையோராகக் கருதுவது என்பதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. உருவப்படக் கூடமும் எவரைப் புகழுடையோராகக் கருதுவது என்பதற்கு ஓர் அளவுகோலை வேண்டி நின்றது.

அறங்காவலர் வகுத்த நெறி

தொடக்ககால அறங்காவலர்கள் வகுத்த விதிகளை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, படம் வாங்கும்போதும் கொடையாகப் பெறும்போதும் ஓவியரின் திறனைவிடப் படத்துக்குரியவரின் புகழே கருதப்படும். இரண்டாவது, அப்புகழ் கட்சிச் சார்போ சமயச் சார்போ இன்றி மதிப்பிடப்படும். மூன்றாவது, ஒருவர் பெருங்குற்றங்கள் இழைத்தவர் என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டாலும், நாட்டின் வரலாற்றை விளக்க அவர் படம் உதவுமாயின் அக்குற்றங்கள் தடையாகா. நான்காவது, ஆட்சியிலுள்ள அரசர் அல்லது அரசியும் அவர்தம் துணைவரும் நீங்கலாக, உயிருடன் இருப்பவர்களின் படங்களும், இறந்து பத்தாண்டு நிறையாதவர்களின் படங்களும் பொதுவாகச் சேர்க்கப்படமாட்டா.

இவ்விதிகள் நேர்மையான நோக்குடன் வகுக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றுள் கூறப்படாத ஒரு நிபந்தனை உள்ளடங்கியுள்ளது. புகழ்பெற்றவரின் முகம் முன்னரே எவராலேனும் வரையப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அது. உருவப்படம் வரைவிப்பதற்குப் பொருளும் ஓய்வும் ஓவியருடன் தொடர்பும் தேவை. பிரபுக்கள், படைத்தலைவர்கள், ஆயர்கள், அமைச்சர்கள் ஆகியோருக்கு இவை இயல்பாக வாய்த்தன. உழைப்பாளர், பெண்கள், குடியேற்ற நாடுகளின் மக்கள் ஆகியோருள் மிகச் சிலருக்கே வாய்த்தன. ஆகவே கூடத்தின் தேர்வு தொடங்குமுன்பே சமூகம் ஒரு தேர்வை முடித்திருந்தது.

முதல் படத்திலேயே இந்நெறியின் சிக்கல் வெளிப்பட்டது. கூடத்தின் பதிவேட்டில் முதலிடம் பெற்றது, எல்ஸ்மியர் பிரபு 1856இல் கொடையளித்த 'சாண்டோஸ் படம்' எனப்படும் ஷேக்ஸ்பியரின் உருவப்படம். 1600-1610 காலத்தைச் சேர்ந்த இது ஜான் டெய்லர் என்பவர் வரைந்ததாகக் கருதப்படுகிறது. அவர் உயிருடன் இருந்தபோது அவரைப் பார்த்து வரையப்பட்டிருக்கக்கூடியவற்றுள் இதற்கே வாய்ப்பு மிகுதி எனினும், இது அவருடைய படமே என்பதற்கு முடிவான சான்று இல்லை. ஆங்கில மொழியின் மிகப் பெரும் புகழுக்கு உரிய முகம் உறுதிப்படாத முகமாகவே நிற்கிறது.

1859 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரின் கிரேட் ஜார்ஜ் தெருவிலிருந்த ஒரு வீட்டில் கூடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதற்செயலர் ஜார்ஜ் ஷார்ஃப் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்று அங்குள்ள படங்களை ஆராய்ந்து, குறிப்பேடுகளில் அவற்றின் நகல்களைக் கோட்டோவியமாக வரைந்துவைத்தார். அவருடைய உழைப்பால் பத்தாண்டுகளில் தொகுப்பு 57இலிருந்து 208ஆக வளர்ந்தது. பார்வையாளர் எண்ணிக்கை ஆண்டுக்கு 5,300இலிருந்து 34,500ஆக உயர்ந்தது. ஷார்ஃப் தேடிச் சென்ற இடங்கள் மாளிகைகள் என்பதையும் இங்கு நோக்க வேண்டும். படங்கள் அங்குதான் இருந்தன. பல இடங்களுக்கு மாறிய கூடம் 1896இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பிளேஸில் தனக்கென எழுப்பப்பட்ட கட்டடத்தில் நிலைபெற்றது.

குற்றம் தடையன்று என்னும் விதி

மூன்றாம் விதியின் பொருளை விளக்க இராபர்ட் கிளைவின் படம் தக்க சான்றாகும். நதானியேல் டான்ஸின் தூரிகையோடு தொடர்புடைய அப்படம் கூடத்தின் மிகத் தொடக்ககாலச் சேர்க்கைகளுள் ஒன்று. 1744இல் சென்னைக்கு எழுத்தராக வந்து, 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையால் பெயர்பெற்று, 1753இல் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் மணம்புரிந்தவர் கிளைவ். வங்காளத்தில் அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் 1772-73இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் விசாரணைக்கு உள்ளானது. அவ்விசாரணைக் காலத்தை ஒட்டியதே இப்படமும். மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையும் அவருடைய குறைகளை ஒப்புக்கொண்டே பெருமையை நிலைநாட்டும் போக்கினது. விதியின் சிந்தனையும் கட்டுரையின் சிந்தனையும் ஒன்றேயாம்.

இவ்விதி வரலாற்று நோக்கில் ஏற்கத்தக்கதே. தீமை செய்தோரின் முகங்களை நீக்கினால் வரலாறு பொய்யாகிவிடும். ஆனால், குற்றம் இழைத்தவருக்குத் திறந்த கதவு அக்குற்றத்தால் துன்புற்றவருக்குத் திறக்கவில்லை. அவர்கள் விலக்கப்பட்டார்கள் என்பதைவிட, அவர்களை வரைந்தவர் எவருமில்லை என்பதே பொருத்தமான கூற்று.

கலைத்திறன் கருதாமையின் நற்பயன்

புகழுக்கு முதன்மையளித்த முதல்விதி எதிர்பாராத நன்மையொன்றையும் விளைத்தது. தேர்ந்த ஓவியர்களை நாட இயலாதவர்களின் எளிய குடும்பப் படங்கள் கூடத்துக்குள் வர அதுவே வழிவகுத்தது.

சார்லட், எமிலி, ஆன் ஆகிய பிராண்டி சகோதரியரை அவர்களுடைய உடன்பிறப்பாகிய பிரான்வெல் 1834 அளவில், பதினேழு வயதை ஒட்டிய பருவத்தில் வரைந்தார். முதலில் தம் உருவத்தையும் நடுவில் தீட்டிய அவர், பின்னர் அதனை மறைத்துத் தூண்போல ஆக்கினார். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இப்படம், சார்லட்டின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் அயர்லாந்தில் வாழ்ந்த இல்லத்தின் நிலைப்பேழை ஒன்றின்மேல் மடித்துவைக்கப்பட்டிருந்தது. அவருடைய இரண்டாம் மனைவியார் அதனைக் கண்டெடுத்தார். 1914இல் கூடம் அதனை வாங்கியது. மடிப்புத் தடங்கள் இன்றும் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ஓவிய இலக்கணப்படி குறைபாடுடைய இப்படமே மூன்று நாவலாசிரியரும் ஒருங்கே காணப்படும் சான்றாக எஞ்சியுள்ளது.

ஜேன் ஆஸ்டினின் நிலையும் இதுபோன்றதே. அவருடைய தமக்கை கசாண்ட்ரா 1810 அளவில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்த, உள்ளங்கை அளவேயான படத்தைக் கூடம் 1948இல் வாங்கியது. இறுகிய உதடுகளும் மடித்த கைகளுமாக உள்ள இவ்வுருவம் ஆஸ்டின் குடும்பத்தாருக்கே மனநிறைவு தரவில்லை. ஆகவே அவருடைய மருகர் 1869 இறுதியில் வெளியிட்ட நினைவுநூலுக்காக, முகம் மென்மையாக்கப்பட்ட மாற்றுப்படம் உருவாக்கப்பட்டது. 2017இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட பத்துப் பவுன் தாளில் இடம்பெற்றதும் அந்த மென்மையாக்கப்பட்ட மரபைச் சேர்ந்த முகமே. மூலப்படம் கூடத்தில் காக்கப்பட்டிருப்பதால்தான் பொதுமக்கள் கையில் உலவும் முகம் திருத்தப்பட்டது என்பதை அறிய முடிகிறது. கலைத்தகுதியை மட்டும் அளவுகோலாகக் கொண்ட கூடமாக இருந்திருப்பின் இவ்விரு படங்களும் அங்கு இடம்பெற்றிரா.

படமாக மறுத்தவர்கள்

பிராண்டி சகோதரியர் படம் வாங்கப்பெற்ற அதே 1914ஆம் ஆண்டில் கூடம் ஒரு தாக்குதலுக்கு உள்ளானது. ஜூலை 17ஆம் நாள், பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடியவருள் ஒருவர், ஆன் ஹண்ட் என்னும் பெயரில், ஜான் எவரெட் மில்லே வரைந்த கார்லைலின் உருவப்படத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். பெருமனிதர்களின் வரலாற்றைப் போற்றியவரும் கூடத்தின் அறங்காவலராக இருந்தவருமான ஒருவரின் முகம் அவ்வாறு சிதைந்தது.

இதற்கு முன்பே காவல்துறை ஓவியக்கூடங்களை எச்சரித்திருந்தது. சிறையிலிருந்த போராட்டப் பெண்கள் ஒளிப்படத்துக்கு முகங்காட்ட மறுத்தனர். ஆகவே சிறை முற்றத்தில் அவர்கள் நடமாடியபோது, அவர்கள் அறியாவண்ணம் தொலைவிலிருந்து படங்கள் எடுக்கப்பட்டு, அடையாளங்காண்பதற்காகக் கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. மான்செஸ்டர் கலைக்கூடத்தைத் தாக்கிய எவலின் மனஸ்டாவின் படத்தில், அவருடைய கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்த காவலரின் கை, சுற்றுக்கு விடப்பட்ட அச்சில் அழிக்கப்பட்டுவிட்டது. இக்கண்காணிப்புப் படங்கள் இன்று உருவப்படக் கூடத்தின் தொகுப்பிலேயே உள்ளன. அவர்களுள் பலருடைய முகங்கள் நாட்டின் தொகுப்பில் முதலில் இடம்பெற்றது கௌரவத்துக்கு உரியோராக அன்று, அஞ்சத்தக்கோராகவே.

காலம் விரைவில் மாறியது. இயக்கத் தலைவி எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் 1928 ஜூனில் மறைந்தார். அவரை 1927இல் வரைந்தவர் ஜார்ஜினா பிராக்கன்பரி. அவரும் அப்போராட்டத்தில் சிறை சென்றவர். அப்படத்தை நினைவுக்குழு 1929இல் அளிக்க, கூடம் ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுக் காத்திருப்பு இவர் பொருட்டுக் கடைப்பிடிக்கப்படவில்லை. தாக்குதல் நடந்து பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. புகழ் நிலையானதன்று, அது வழங்கப்படும் ஒன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

உயிருள்ளோரும் இடம்பெறுதல்

1967இல் இயக்குநர் பொறுப்பேற்ற ராய் ஸ்ட்ராங், மறுஆண்டே ஒளிப்படக் கலைஞர் செசில் பீட்டனின் உருவப்படக் கண்காட்சியை நடத்தினார். உயிருடன் இருந்த பலரின் முகங்கள் அதில் காட்சிக்கு வந்தன. 1969இல் உயிருள்ளோருக்கான தடை கைவிடப்பட்டது. இதன் விளைவு பெரிது. அதுவரை முன்னரே இருந்த படங்களுள் தேர்ந்தெடுப்பதே கூடத்தின் பணி. இதன்பின் எவரை வரைவிக்க வேண்டும் என்று தானே முடிவுசெய்யும் நிலை அதற்கு வாய்த்தது.

கூடத்தின் வேண்டுகோளின்பேரில் மேகி ஹாம்பிளிங் 1985இல் வரைந்த டாரதி ஹாட்ஜ்கின் படம் இதற்கு எடுத்துக்காட்டு. 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவ்வறிவியலாளர், தாள்கள் குவிந்த மேசையில் பணியில் ஆழ்ந்திருக்கிறார். அவருக்கு நான்கு கைகள் தீட்டப்பட்டுள்ளன. ஓயாத உழைப்பின் அசைவே அவ்வாறு காட்டப்படுகிறது. பதவியின் அடையாளங்களைச் சுமந்து பார்வையாளரை நோக்கும் பழைய மரபிலிருந்து இது வேறுபட்டது.

மறைந்திருந்த முகமும் தன்விருப்பம் கொண்ட முகமும்

பழங்காலத்தவரைப் பொறுத்தமட்டில் புதிதாக வரைவிக்க இயலாது, கண்டெடுக்கவே இயலும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த மேரி சீகோல், கிரீமியப் போருக்குச் செல்லும் செவிலியர் குழுவில் சேர விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். பின்னர்த் தம் சொந்த முயற்சியில் சென்று, பாலக்லாவா அருகே விடுதி நடத்திப் படைவீரர்களைப் பேணினார். அதே போரில் பணிபுரிந்த புளோரன்ஸ் நைட்டிங்கேலின் படங்கள் அக்காலத்திலேயே பெருகின. சீகோலை ஆல்பர்ட் சார்லஸ் சாலன் 1869இல் ஒரு சிறு பலகையில் வண்ணத்தில் வரைந்தார். அப்பலகை பிற்காலத்தில் ஓர் அச்சுப்படத்துக்குப் பின்தாங்கியாக வைக்கப்பட்டு, முகம் உட்புறமாக மறைந்துகிடந்தது. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அது வெளிப்பட்டு, வரலாற்றாசிரியர் ஹெலன் ராப்பபோர்ட் கைக்கு வந்தது. 2008இல் கூடம் அதனைத் தனதாக்கிக்கொண்டது. வரையப்பட்டும் காணப்படாத முகம் இது.

அயூபா சுலைமான் தியாலோவின் படம் வேறொரு செய்தியைக் கூறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் புண்டு பகுதியில் கற்றறிந்த இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த இவர், 1731இல் அடிமையாக்கப்பட்டு மேரிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்பயணத்தில் அவரே இரு அடிமைகளை விற்கச் சென்றிருந்தார் என்பதையும் வரலாறு பதிவுசெய்துள்ளது. 1733இல் இலண்டன் வந்தபோது வில்லியம் ஹோர் அவரை வரைந்தார். சமய உணர்வால் படங்களை வெறுத்த தியாலோ, அரிதின் முயன்றே இசைவிக்கப்பட்டார். தம் நாட்டு உடையிலேயே தம்மை வரைய வேண்டும் என்றார். காணாத உடையை வரைய இயலாது என்று ஓவியர் கூற, எவரும் காணாத கடவுளை மட்டும் ஓவியர்கள் வரைவது எவ்வாறு என்று அவர் வினவியதாகத் தாமஸ் புளூயட் 1734இல் வெளியிட்ட நூல் தெரிவிக்கிறது. வெண்ணிற உடையும் தலைப்பாகையும் கழுத்தில் தொங்கும் திருக்குர்ஆன் ஏடுமாக அவர் காட்சியளிக்கிறார். தன் தோற்றத்தைத் தானே வரையறுத்த படத்துக்குரியவர் அவர். அச்சுப் படியால் மட்டும் அறியப்பட்ட அம்மூலப்படம் 2009இல் ஏலத்துக்கு வந்து, கத்தார் அருங்காட்சியக ஆணையத்தின் உடைமையாகி, அதனிடமிருந்து இரவலாக உருவப்படக் கூடத்தில் காட்சிக்கு வந்தது.

இவ்வரிசையில் அண்மைக்காலத்தது, ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்து 1776இல் அரசு கலைக்கழகத்தில் காட்சிக்கு வைத்த மாயின் முழுவுருவப் படம். பசிபிக் தீவுகளுள் ஒன்றாகிய ரையாத்தேயாவைச் சேர்ந்த மாய், 1774இல் இங்கிலாந்து வந்து, குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் தாயகம் திரும்பியவர். நீண்ட வெள்ளாடையும் வெறுங்காலும் கையில் பச்சைக்குத்தும் கொண்ட உருவம். 2023இல் உருவப்படக் கூடமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் இணைந்து 5 கோடி பவுனுக்கு இதனை வாங்கி, காட்சிக் காலத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. ஓவியரின் திறனைக் கருதோம் என்று 2,000 பவுனுடன் தொடங்கிய நிறுவனம், ரெனால்ட்ஸின் கைத்திறனே பெரிதும் நிர்ணயித்த விலையைக் கொடுத்து மாயின் முகத்தைப் பெற்றது. முதல்விதியின் இரு கூறுகளும் இங்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

முடிவுரை

மூன்றாண்டுகளுக்கு மேல் மூடப்பட்டிருந்த கூடம் 2023 ஜூன் 22இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் வெளிச்சுவரில் 1890களில் அமைக்கப்பட்ட மார்பளவுச் சிலைகள் அனைத்தும் ஆண்களுடையவை. புதிய வாயிற்கதவுகளில் டிரேசி எமின் வரைந்த 45 பெண் முகங்கள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் எதற்கும் பெயரில்லை. புகழை அளவுகோலாகக் கொண்ட இல்லத்தின் நுழைவாயிலிலேயே புகழறியா முகங்கள் நிற்கின்றன.

மேற்கண்ட சான்றுகளால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. புகழ் என்னும் அளவுகோல் நடுநிலையானதாக வகுக்கப்பட்டாலும், வரையப்படும் வாய்ப்பு சமமாக இல்லாத சமூகத்தில் அது சமமின்மையையே வழிமொழிந்தது. எனினும் அதே அளவுகோல், பிரான்வெல், கசாண்ட்ரா போன்றோரின் பயிலாக் கைகள் வரைந்த மெய்ச்சான்றுகளைக் காத்தது. பழைய நெறியை முற்றிலும் கைவிடுவதால் அன்றி, அதில் சொல்லப்படாதிருந்த நிபந்தனையை உணர்ந்து ஈடுசெய்ய முற்பட்டதாலேயே கூடம் மாற்றம் பெற்றது. சீகோலைப் போல மறைந்துகிடந்தோரைக் கண்டெடுக்கலாம். ஹாட்ஜ்கினைப் போல வாழ்வோரை வரைவிக்கலாம். ஒருபோதும் வரையப்படாதவர்களுக்கு இவ்விரு வழிகளும் இல்லை. எந்தத் தேசிய உருவப்படத் தொகுப்பும் தன் நாட்டின் முழு முகம் ஆகாமைக்குக் காரணம் இதுவே. அத்தொகுப்புகளை ஆராய்வோர் சுவரில் உள்ள முகங்களுக்கு இணையாக அங்கு இல்லாத முகங்களையும் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாதது.